பன்றி, சிங்கம், கம்பளிப்பூச்சி

பதுவா

தாந்தேயின் நரகத்தில் வட்டிக்காரர்களுக்கு முகம் கிடையாது. நெருப்பு மழை பெய்யும் மணலில் உட்கார்ந்திருக்கும் அவர்களைக் கவிஞர் ஒவ்வொருவராக உற்றுப் பார்க்கிறார். ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் எல்லார் கழுத்திலும் ஒரு பணப்பை தொங்குகிறது, பையின் மேல் அவரவர் குடும்பச் சின்னம் இருக்கிறது. மஞ்சள் பையில் நீலச் சிங்கம். சிவப்புப் பையில் வெள்ளை வாத்து. வெள்ளைப் பையில் சினையான நீலப் பன்றி. இந்தப் பைக்காரர்கள் யார் பெயரையும் அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அன்றைய வாசகர்களுக்குப் பன்றி என்றாலே பதுவா நகரத்து ஸ்க்ரோவெஞி குடும்பம்.

அந்தப் பன்றியைத் தேடித்தான் பதுவாவுக்குப் போனேன். நம் ஊரில் பதுவா என்றால் கோடி அற்புதர் அந்தோணியார்தான். அவருடைய பேராலயத்துக்குப் போகாமல் அந்த ஊரைக் கடப்பது நடக்கிற காரியமா? கல்லறையின் பச்சைக் கல்லில் உள்ளங்கையை வைத்து வேண்டிக்கொள்ள வரிசை நின்றது. எனக்கு முன்னால் நின்ற குடும்பம் தமிழில் பேசிக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து வந்து இத்தாலியில் குடியேறியவர்கள். "கொச்சிக்கடையில வச்ச நேர்த்தி அண்ணை, இஞ்ச வந்துதான் முடிக்கிறம்" என்றார் தகப்பன். அவர் தோளில் தூங்கிய குழந்தைக்கும் பெயர் அந்தோனிதான்.

அந்தோணியாருக்கும் பன்றிச் சின்னத்துக்கும் நடுவில் ஓடுவது கடன். வட்டிக் கொடுமையைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தவர் அவர். 1231-ல், அவர் இறந்த அதே ஆண்டில், இருக்கும் சொத்தை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் வைத்திருக்கக் கூடாது என்று அவர் கேட்டபடியே பதுவா சட்டம் மாறியது. ஊர் நடுவில் இருக்கும் பலாஸ்ஸோ தெல்லா ராஜோனே என்ற பழைய நீதிமன்றத்தின் மேல்மாடியில் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது, வட்டமாக, முட்டி உயரத்துக்கு. சொத்தை இழந்தவன் உள்ளாடையோடு கூட்டத்தின் நடுவே அதில் மூன்று முறை உட்கார்ந்து, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அத்தோடு அவன் ஊரை விட்டுப் போய்விட வேண்டும்.

கடன் கொடுத்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை ஸ்க்ரோவெஞி சிற்றாலயத்தில் பார்க்கலாம். என்ரிக்கோ ஸ்க்ரோவெஞி 1300-ல் நிலம் வாங்கி, ஓவியர் ஜோத்தோவை அழைத்து வந்து சுவரெல்லாம் தீட்டச் செய்து, 1305-ல் அர்ப்பணித்த கோயில் இது. தகப்பன் ரெஜினால்தோவின் வட்டிப் பாவத்துக்குப் பரிகாரம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். தாந்தே காட்டும் பன்றிப் பைக்காரரும் அந்த ரெஜினால்தோதான் என்பது உரைகாரர்களின் மரபு. ஈரமும் தூசியும் ஓவியத்தைத் தொடாமலிருக்க, நம்மை ஒரு கண்ணாடி அறையில் சிறிது நேரம் காக்க வைத்த பிறகே உள்ளே விடுகிறார்கள். உள்ளே இருக்கக் கால் மணி நேரம்தான்.

அந்தக் கால் மணியில் நான் பெரும்பாலும் வாசல் சுவரையே பார்த்தேன். இறுதித் தீர்ப்பின் காட்சி. வலது கோடியில் நரகம். அங்கே சிலர் தங்கள் பணப்பையின் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகிறார்கள். அதே சுவரில், சிலுவையின் மறுபுறம், பாவமன்னிப்புக் கேட்பவரின் ஊதா அங்கியில் என்ரிக்கோ மண்டியிட்டிருக்கிறார். கோயிலின் சிறு மாதிரி ஒன்றை மாதாவிடம் நீட்டுகிறார். அதன் பாரத்தை ஒரு குருவானவர் தோளில் தாங்குகிறார். ஒரு கவிஞர் குடும்பத்தை நரகத்தில் வைத்தார், ஓவியர் அதே குடும்பத்தை சொர்க்கத்துப் பக்கமாக நகர்த்தினார். பன்றி தகப்பனுக்கும் மகனுக்கும் பொது. இங்கிலாந்தில் மூத்த மகன், தகப்பன் உயிரோடிருக்கும் வரை, கேடயத்தின் மேல் ஒரு பட்டையைச் சேர்த்துத் தன்னை வேறுபடுத்திக் காட்டுவான். இத்தாலியில் அந்த வழக்கம் அவ்வளவாக வேரூன்றவில்லை. அப்பன் சம்பாதித்த பேரும் பழியும் கழிவில்லாமல் பிள்ளைக்கு வந்தது.

இறங்கி வந்து சந்தையில் பிகோலி சாப்பிட்டேன். தடித்த சேமியா மாதிரி மாவு. வெங்காயத்தையும் நெத்திலியையும் கரையும் வரை வதக்கிய குழம்பு. ஸ்க்ரோவெஞி கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும் பரிமாறிய அம்மா சிரித்தார்: "எங்கள் ஊரிலேயே பெரிய வட்டிக்காரர். இப்போது ஊருக்குச் சோறு போடுவதும் அவர்தான்."

பிளாரன்ஸ்: டோர்னபுவோனி தெரு

மஞ்சளில் நீலச் சிங்கம் பிளாரன்ஸின் ஜான்பிலியாட்ஸி குடும்பத்துடையது. அவர்கள் வீடு இருந்த டோர்னபுவோனி தெருவில் தாந்தேயின் அந்த வரிகளைக் கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். கீழே கைப்பைக் கடைகள். ஒரு பையின் விலையில் நம் ஊரில் மாடு வாங்கலாம். கல்வெட்டைப் படிக்க நின்றவன் நான் ஒருவன்தான்.

மூன்று பைகளின் நிறங்களைக் கவனித்தால் ஒரு விதி தெரியும். வெள்ளையில் நீலம், மஞ்சளில் நீலம், சிவப்பில் வெள்ளை. மஞ்சள் என்பது பொன், வெள்ளை என்பது வெள்ளி; இவை இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை எல்லாம் வண்ணம். உலோகத்தின் மேல் வண்ணம் வரலாம், வண்ணத்தின் மேல் உலோகம் வரலாம், வண்ணத்தின் மேல் வண்ணம் கூடாது. 12-ஆம் நூற்றாண்டில் கேடயச் சின்னங்கள் பரவத் தொடங்கியபோது, இரும்புத் தொப்பிக்குள் முகம் மறைந்த வீரனைத் தூரத்திலிருந்து அறிய இந்த எடுப்பு உதவியது. போர்க்களத்தில் பிறந்த விதி, வட்டிக்காரரின் பைவரை வந்து சேர்ந்திருக்கிறது.

தெருவின் பெயரிலும் ஒரு கதை உண்டு. டோர்னபுவோனிகள் பழைய பிரபுக் குடும்பமான டோர்னகுவின்சியின் ஒரு கிளை. 1293-ல் பிளாரன்ஸின் வணிகர்களும் கைவினைஞர்களும் கொண்டுவந்த நீதிச் சட்டங்கள், அடாவடிக்குப் பேர்போன பெருங்குடும்பங்களை 'மாக்னாத்தி' என்று பட்டியலிட்டு, ஆட்சிப் பதவிகளிலிருந்து விலக்கின. திரும்பவும் பதவிக்கு வர விரும்பிய கிளைகள் குடும்பத்தை முறித்துக்கொண்டு, புதுப் பெயரும் புதுச் சின்னமும் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கிளை செய்ததும் அதுதான். மேட்டுக்குடி என்பதற்கான சாட்சியாக நாம் நினைக்கும் கேடயம், இங்கே மேட்டுக்குடியிலிருந்து ராஜினாமா செய்த கடிதம்.

பிளாரன்ஸ்: ஓர்சான்மிக்கேலே

தானியச் சந்தையாக இருந்து கோயிலாக மாறிய கட்டடம் ஓர்சான்மிக்கேலே. வெளிச்சுவரைச் சுற்றியிருக்கும் மாடங்களில் நிற்பவர்கள் புனிதர்கள். அந்த மாடங்களுக்குச் சொந்தக்காரர்கள் தொழில் சங்கங்கள். ஏழு பெரிய சங்கம், பதினான்கு சிறிய சங்கம். இவற்றில் ஒன்றில் பேர் பதியாதவர் நகராட்சிப் பதவிக்கு வர முடியாது. கம்பளிச் சங்கத்துக்குக் கொடி ஏந்திய ஆட்டுக்குட்டி. துணி இறக்குமதி செய்த கலிமாலா சங்கத்துக்கு, மூட்டையை நகங்களால் பற்றிய கழுகு. கொல்லர்களுக்குக் குறடு. எதிர்ச்சிறகில் இறைச்சிக்காரர் சங்கத்தின் பழைய கட்டடம். அதன் நெற்றியில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் ஆட்டுக்கிடா. அரசனின் சிங்கம் எந்தத் தோரணையில் நிற்குமோ அதே தோரணை.

நம் செப்பேடுகளில் சோழனின் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்த புலி, பக்கத்தில் இரண்டு கயல், ஒரு வில். வென்ற பாண்டியனையும் சேரனையும் தன் முத்திரைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தான். அங்கே சின்னம் என்றால் அரசாட்சி. இங்கே கசாப்புக் கடைக்காரரும் ஒரு கேடயத்தை மாட்டி அதன் கீழ் கடை நடத்தினார்.

அப்படி மாட்ட யார் அனுமதி வேண்டும்? 1350-களில் பெருஜியாவின் சட்டப் பேராசிரியர் பார்த்தோலோ இதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். அவருக்கே 1355-ல் பேரரசர் நான்காம் சார்லஸ் இரட்டை வால் சிவப்புச் சிங்கத்தைச் சின்னமாக அருளியிருந்தார். ஆனாலும் அவர் சொன்ன பதில் வேறு: பெயர் போலத்தான் சின்னமும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். ரோமுக்கு யாத்திரை வந்த ஜெர்மானியர் ஒருவர், தன் சின்னத்தையே போட்டிருக்கும் இத்தாலியரைப் பார்த்துவிட்டால் வழக்குப் போட முடியுமா? முடியாது என்கிறார், அத்தனை தொலைவில் வாழும் இருவரால் ஒருவருக்கொருவர் நட்டம் இல்லை. ஆனால் பேரெடுத்த கொல்லரின் வாள்முத்திரையை இன்னொருவர் தன் வாளில் அடித்தால் தடுக்கலாம், ஏனென்றால் ஏமாறுவது ஊர் ஜனம். ஃபாப்ரியானோ ஊர்க் காகிதங்களின் நீர்க்குறிகளையும் அதே வரிசையில் வைக்கிறார். பிரபுவின் சிங்கம், கொல்லரின் முத்திரை, காகிதக்காரரின் குறி மூன்றுமே அவருக்கு ஒரே கேள்வி: இதை நம்பி ஏமாறப் போகிறவர் யார்?

சந்தை மூலையில் தள்ளுவண்டியில் லாம்ப்ரெதொத்தோ விற்றார்கள். பசுவின் நாலாவது இரைப்பையைத் தக்காளி, வெங்காயத்தோடு வேக வைத்து, நறுக்கி, ரொட்டிக்குள் அடைத்து, மேல் ரொட்டியை அந்தச் சாற்றிலேயே ஒரு முக்கு முக்கிக் கொடுக்கிறார்கள். மேலே பச்சை இலைத் துவையல். ரொட்டியில் உப்பே இல்லை; டஸ்கனி முழுக்க அப்படித்தான். வண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உப்புப் புட்டியை நகர்த்தினார். "எங்கள் தாத்தா காலத்தில் இது கூலிக்காரச் சாப்பாடு. இப்போது ஜப்பான்காரர்கள் படம் எடுக்கிறார்கள்."

கூலிக்காரர்களுக்குச் சங்கம் இருக்கவில்லை. கம்பளியைச் சிக்கெடுத்தவர்கள், அடித்தவர்கள், கழுவியவர்கள், 'சொம்பி' என்று அழைக்கப்பட்டவர்கள், 1378 ஜூலையில் எழுந்து ஆட்சி அரண்மனையையே பிடித்தார்கள். அவர்கள் கேட்டதில் முதன்மையானது தங்களுக்கென்று ஒரு சங்கம். கிடைத்தது. சங்கம் கிடைத்தால் கொடியும் உண்டு. சில வாரங்களில் அந்தச் சங்கம் கலைக்கப்பட்டது. ஓர்சான்மிக்கேலேயின் சுவரைச் சுற்றி எத்தனை முறை நடந்தாலும் அவர்களுக்கு மாடம் இல்லை.

பிளாரன்ஸ்: பார்ஜெல்லோவும் சிஞ்ஞோரியா சதுக்கமும்

பார்ஜெல்லோவின் முற்றத்துச் சுவர் முழுக்கக் கல் கேடயங்கள். ஏதோ ஒரு குடும்பத்தின் பரம்பரைச் சுவர் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் இந்தக் கேடயங்களின் சொந்தக்காரர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். பொதெஸ்தா என்ற நீதி நிர்வாகியை பிளாரன்ஸ் வேண்டுமென்றே வேறு ஊரிலிருந்து வரவழைத்தது. உள்ளூர்க்காரர் என்றால் மச்சான், சம்பந்தி என்று நீதி சாயும். குறுகிய காலப் பதவி, பிறகு மூட்டை கட்ட வேண்டியதுதான். போகும்போது விட்டுப்போனவை இந்தக் கேடயங்கள். நம் அரசு அலுவலகத்தில் அதிகாரி நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் பெயர்ப் பலகை நினைவுக்கு வந்தது. பதவிக்காலம் முடிந்தபின்னும் சுவர் மறக்காது.

சதுக்கத்துக்கு வந்து பலாஸ்ஸோ வெக்கியோவை அண்ணாந்து பார்த்தால், கொத்தளத்து வளைவுகளின் கீழ் ஒன்பது சின்னங்கள் மாறி மாறி வருகின்றன. மக்களின் சிவப்புச் சிலுவை, போப்பின் சாவிகள், ஆஞ்சு அரசர்களின் பிரெஞ்சு அல்லி, பச்சை நாகத்தை மிதிக்கும் சிவப்புக் கழுகு. சோழன் வென்றவரின் சின்னத்தைச் சேர்த்தான். பிளாரன்ஸ் கூட்டாளிகளின் சின்னத்தைச் சேர்த்தது. அதிலேயே ஒரு விந்தை: அல்லி மலர் இரண்டு முறை வருகிறது. சிவப்பில் வெள்ளை அல்லி, வெள்ளையில் சிவப்பு அல்லி. ஊரின் பழைய சின்னம் முதலாவது. போப்பின் கட்சியான குவெல்ஃபுகள் 1251-ல் பேரரசர் கட்சியான கிபெல்லினோக்களை விரட்டியதும், பூவை விட்டுவைத்து நிறத்தை மட்டும் திருப்பிப் போட்டார்கள். ஊர்ப்பற்றை இருவருமே விடவில்லை. யாருடைய ஊர் என்பதுதான் சண்டை, அதற்குப் பூவை மாற்ற வேண்டியதில்லை, வண்ணம் போதும். கட்சிக் கரை வேட்டி கட்டுகிற ஊரிலிருந்து போனவனுக்கு இதற்கு உரை வேண்டியிருக்கவில்லை.

1478 ஏப்ரல் 26-ல் பேராலயத்துக்குள் பூசை நேரத்தில், ஊரைத் தன் பிடியில் வைத்திருந்த மெடிசி குடும்பத்தின் ஜூலியானோ குத்திக் கொல்லப்பட்டார். சதி செய்தவர்களில் முதன்மையானது பாட்ஸி குடும்பம். அவர்கள் சின்னம் நீலத்தில் இரண்டு டால்பின். தூக்குத் தண்டனையோடு ஊர் நிற்கவில்லை. பாட்ஸி என்ற பெயரும் டால்பின் சின்னமும் ஊரில் எங்குமே இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, வீடுகளிலிருந்து செதுக்கி எடுத்தார்கள். தூக்கிலிட்டவர்களின் உருவத்தை அரண்மனைச் சுவரில் வரைய போத்திச்செல்லிக்குக் கூலி கொடுத்தார்கள். அதாவது அவமானத்தை வரைந்தார்கள், அடையாளத்தை அழித்தார்கள். பின்னர் மெடிசிகள் விரட்டப்பட்டபோது அவர்கள் சின்னமான சிவப்பு உருண்டைகளும் சுவர்களிலிருந்து இறக்கப்பட்டன. இன்று ஊர் முழுக்க மறுபடி உருண்டைகள். தேடினால் டால்பினும் உண்டு. சின்னத்தை எடுத்துக்கொள்வது தன் விருப்பம் என்றார் பார்த்தோலோ. அதை வைத்துக்கொள்ள ஊர் சம்மதிக்க வேண்டும் என்பது இந்தச் சுவர்கள் சேர்த்த பின்குறிப்பு.

சியெனா: கணக்குப் புத்தகங்கள்

பேருந்து சியெனாவை நெருங்கும்போது மண் நிறமே மாறுகிறது; ஓவியப் பெட்டியில் சியெனா என்று பெயர் பெற்ற அதே காவி. சைப்ரஸ் மரங்களும் உழுத மேடுகளும் மாறி மாறி வருகின்றன. ஊரின் சின்னம் மட்டும் நிறமே வேண்டாம் என்று ஒதுங்கியது: மேலே வெள்ளை, கீழே கறுப்பு.

பலாஸ்ஸோ பிக்கொலோமினியில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் நான் பார்க்கப் போனது கணக்குப் புத்தகங்களின் மர அட்டைகளை. பிக்கெர்னா என்பது சியெனாவின் கருவூலம். ஒரு பொருளாளரும் நான்கு மேற்பார்வையாளர்களும் ஆறு மாதம் பொறுப்பில் இருப்பார்கள். பதவி முடியும்போது வரவு செலவை முடித்து, அட்டைக்கு ஓவியரை வைத்து வண்ணம் தீட்டி ஒப்படைப்பார்கள். கிடைத்திருக்கும் பழைய அட்டை 1258-ஆம் ஆண்டுடையது. அதில் பொருளாளராக இருந்த துறவி ஒருவர் புத்தகத்தைப் பிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வந்த அட்டைகளில் முகங்களுக்குப் பதில் கேடயங்கள் வரிசையாக வருகின்றன. நான் அதிகம் நின்ற ஒன்றில், மேலே ஒரு சிறு காட்சி, கீழே உள்ளங்கை அகலம்கூட இல்லாத கேடயங்கள்; ஒன்றின் குறுக்குப் பட்டையில் பொன் பூச்சு தேய்ந்து, அடியிலிருந்த சிவப்பு மண் தெரிந்தது.

இத்தனை ஊர்களில் பார்த்ததில் என்னை அசைத்தது இந்தச் சின்னக் கேடயங்கள்தான். இவற்றுக்குப் பின்னால் போர் இல்லை, வம்சப் பெருமை இல்லை. இந்த ஆறு மாதத்துக் கணக்கில் காசு குறைந்தால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள் என்று சொல்கின்றன. கேடயம் இங்கே பிணைக் கையெழுத்து. தாந்தே பையின் மேல் கண்டதும், பார்த்தோலோ வாளின் மேல் கேட்டதும், அடிப்படையில் இதே கையெழுத்துத்தான்.

சியெனா: கம்பளிப்பூச்சித் தெரு

சியெனா 17 கொன்த்ராதாக்களாகப் பிரிந்த ஊர். தெருக்கூட்டம் என்று சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கோ பொருளோ சின்னம். நத்தை, ஆமை, முள்ளம்பன்றி, ஆந்தை, அலை, காடு. எல்லைகளை 1729-30-ல் ஆளுநர் வயோலாந்தே வரையறுத்தார். கூட்டங்கள் அதைவிடப் பழையவை. ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் கம்போ மைதானத்தில் நடக்கும் பாலியோ குதிரைப் பந்தயத்தில் இவை மோதும். ஓவிலே வாசலை நோக்கிச் சரியும் செங்குத்தான சந்து புரூக்கோ கொன்த்ராதாவுடையது. சின்னம், ரோஜாவின் மேல் ஊரும் முடிசூடிய கம்பளிப்பூச்சி.

1371-ல், பிளாரன்ஸ் எழுச்சிக்கு ஏழு ஆண்டு முன்னால், இந்தச் சரிவில் வாழ்ந்த கம்பளித் தொழிலாளிகள் புரூக்கோ என்ற பெயரில் கூடி, கூலியை முதலாளிகள் சங்கம் தீர்மானிக்கக் கூடாது, நகராட்சி தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். தலைவர்கள் சிறைப்பட்டபோது திரண்டு போய் மீட்டார்கள். பதிலுக்கு எதிராளிகள் தெருவுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். எழுந்த தொழிலாளிகளில் பார்பிகோனே என்பவருக்கு இங்கே சிலை இருக்கிறது, நீரூற்றின் மேல். பிளாரன்ஸ் தொழிலாளியின் கொடி சில வாரம் நின்றது. சியெனாவின் கம்பளிப்பூச்சி இன்னும் ஊர்கிறது.

சாயங்காலம் சந்தில் பையன்கள் கொடி வீசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். மஞ்சளும் பச்சையும் நீலமுமாக மேலே போன கொடி ஒருவன் கைக்கு வராமல் மாடிச் சன்னலில் மாட்டியது. அங்கிருந்து ஒரு பாட்டி திட்டிக்கொண்டே எடுத்து எறிந்தார். பிறகு கீழே இறங்கி வந்தவர், நான் அந்நியன் என்று தெரிந்ததும் ஊர் வரலாறு முழுக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நெடுநாள் வெல்லாத கொன்த்ராதாவை மற்றவர்கள் 'பாட்டி' என்று கேலி செய்வார்களாம். "அந்தப் பேரை நாங்கள் 1996-ல் இறக்கி வைத்தோம். அப்போது எனக்கே பாட்டி வயது வந்துவிட்டது."

பந்தய ஊர்வலத்தில் ஆறு குதிரைக்காரர்கள் முகமூடித் தொப்பியை இறக்கிவிட்டபடி வருவதைப் பற்றியும் அவர்தான் சொன்னார். சிங்கம், கரடி, சேவல், ஓக் மரம், விரியன், வலிய வாள்: இல்லாமல் போய்விட்ட ஆறு கொன்த்ராதாக்கள். குடும்பங்கள் வேறு தெருக்களோடு கரைந்தன. ஆனாலும் ஊர் ஒவ்வோர் ஆண்டும் அவற்றின் கேடயத்தை வெளியே எடுத்துவருகிறது.

குழந்தைக்குக் கோயிலில் ஒரு ஞானஸ்நானம், இந்த நீரூற்றில் ஒன்று. தலையில் நீர் ஊற்றி, கழுத்தில் கொன்த்ராதாக் கைக்குட்டையைக் கட்டினால் ஆயுளுக்கும் அந்தத் தெருதான். கல்யாணமாகி ஆமைத் தெருவுக்குப் போனாலும் மாறாது. நத்தைக்காரியும் ஆமைக்காரனும் குடும்பம் நடத்தினால் பந்தய வாரத்தில் அவரவர் தாய்வீட்டுக்குப் போய்விடுவார்களாம்.

"அப்படியானால் பிறந்தால் போதும், இல்லையா?" என்று கேட்டேன். பாட்டிக்குக் கோபமே வந்துவிட்டது. பிறந்தால் எப்படிப் போதும்? வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டும். சங்கத்துச் சமையலறையில் வெங்காயம் உரிக்க வேண்டும். துணி தைக்க, கொடி வெளுக்க, நோயில் கிடக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கு மருந்து வாங்கிவர ஆள் வேண்டும். கைக்குட்டையைச் சுற்றுலாக்காரரும் கடையில் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். "கட்டட்டுமே. உலைக்கு விறகு எடுக்க யார் வருகிறார் என்று பார்ப்போம்."